மிருதங்கத்தை வைத்துவிட்டு வந்து பாடச் சொன்ன சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கும் நிகழ்ச்சிக் குழு உறுப்பினர்களுக்கும்,

இந்த ஆண்டு இராமநவமி இசை விழாவில் ஒரு மாலைக் கச்சேரிக்கு மிருதங்கம் வாசிக்கும்படி என்னைக் கேட்டு, நாளையும் நேரத்தையும் உறுதி செய்து, அழைப்பிதழின் முதற்படியில் என் பெயரையும் சேர்த்திருந்த தாங்கள், அது அச்சுக்குப் போகும் முன் அந்தப் பெயரை நீக்கிவிட்டீர்கள். செய்தியைத் தொலைபேசியில் தெரிவித்த குழு உறுப்பினர், சென்னையிலிருந்து வரும் பாடகர் பெரிய வித்வான் என்றும், அன்று அரங்கு நிறையும் என்றும், அப்படிப்பட்ட கச்சேரிக்குப் பெண் மிருதங்கம் வேண்டாம் என்று குழு கருதுவதாகவும் சொன்னார். பாடகர் அவ்வாறு கேட்டுக்கொண்டாரா என்று வினவினேன். அவரிடம் யாரும் இதைப் பற்றிப் பேசவே இல்லை என்று பதில் வந்தது. பிறகு, என் மனம் நோகக் கூடாது என்ற எண்ணத்தில்தான், "நீங்கள்தான் நன்றாகப் பாடுவீர்களே, மகளிர் தினத்தன்று ஒரு பாட்டுக் கச்சேரி வைத்துவிடலாம், மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு ஏன் சிரமப்பட வேண்டும்" என்றும் அவர் கூறினார்.

அவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. முடிவு குழுவினுடையது என்பதால் குழுவுக்கே எழுதுகிறேன். தனி மடலாக எழுதாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்கும் காரணம் உண்டு. பெங்களூரில் தாளவாத்தியம் வாசிக்கும் பெண்கள் பலர் இதே காரணத்துக்காக இதே முறையில் கடைசி நேரத்தில் விலக்கப்பட்டிருக்கிறார்கள். எல்லாம் வாய்ச்சொல்லாகவே நடப்பதால் எந்த ஏட்டிலும் அது பதிவாவதில்லை. பதிவாகாத ஒன்றை நடக்கவே இல்லை என்று பிறகு சொல்லிவிடவும் முடிகிறது.

நான் அல்சூரில் பிறந்து வளர்ந்தவள். முதலில் கற்றது பாட்டுத்தான். கீர்த்தனைகள் பாடத் தொடங்கிய பருவத்தில் என் சுருதி நின்றது, காலப்பிரமாணம் என்னும் வேகக்கட்டு நிற்கவில்லை; பாடப் பாட ஓடியது. என் பாட்டு ஆசிரியைதான் என்னை ஒரு மிருதங்க வித்வானிடம் அனுப்பினார். லயம் உறுதிப்படும் வரை கற்றால் போதும் என்பது அவருடைய கணக்கு. ஆனால் இடப்பக்கமான தொப்பியில் ரவை பூசி, வலப்பக்கமான வலந்தலையில் சரியான நாதம் எழுந்த அன்றைக்கே அந்த வாத்தியம் என்னைப் பிடித்துக்கொண்டது. வாத்தியார் என்னைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் விதித்தார். பாட்டை நிறுத்தினால் தம்மிடம் வரக்கூடாது என்றார். சொற்கட்டுகளை, அதாவது தகதிமி போன்ற தாளச் சொற்களை, வாயால் சொல்லித் தாளத்தில் நிறுத்திக் காட்டிய பிறகே கையால் வாசிக்க விடுவார். ஒரு கீர்த்தனைக்கு வாசிக்க வேண்டுமானால் அதைப் பல்லவி முதல் சரணம் வரை பாடிக் காட்ட வேண்டும். அவரிடம் கற்ற ஆண் பிள்ளைகளுக்கும் இதே விதிதான்.

எனவே பாட்டும் மிருதங்கமும் எனக்கு இரண்டு தொழில்கள் அல்ல. சியாமா சாஸ்திரியின் கீர்த்தனை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான மிஸ்ர சாபு தாளம் ஏழு எண்ணிக்கையை 3, 4 என்று பிரித்து நடக்கும். அவருடைய சில கீர்த்தனைகளில் அது 4, 3 என்று திரும்பி விலோம சாபுவாக நடக்கும். எண்ணிக்கை இரண்டிலும் ஏழுதான். எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டு வாசிப்பவரின் சொற்கள் தாளத்தில் தவறாமல் இருந்தும் பாட்டின் மேல் முட்டிக்கொண்டே இருக்கும். சாகித்தியம் எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறது, எந்தச் சொல் நீள்கிறது என்று தொண்டையில் அறிந்தவருக்குக் கை தானாக அடங்கும். ரசிகர்கள் 'பாட்டுக்கு வாசிக்கிறார்' என்று பாராட்டுவது இந்தப் பண்பைத்தான். நிரவலில் பாடகர் ஒரு சொல்லை விரிக்கும்போது எங்கே மௌனமாக இருக்க வேண்டும் என்பதைப் பாட்டு வகுப்பில்தான் நான் கற்றேன். பாடத் தெரியும் என்பது மிருதங்கத்துக்கு எனக்குள்ள தகுதிகளில் ஒன்று. அதையே மிருதங்கத்தை விட்டு எழுந்திருப்பதற்கான காரணமாகத் தாங்கள் என் முன் வைத்திருப்பதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது.

என் வாசிப்பின் தரம் குறித்துக் குழுவுக்கு ஐயம் இருந்தால் அதை மதிக்கிறேன்; ஐயம் இருப்பவர் கேட்டுப் பார்க்க வேண்டும். அகில இந்திய வானொலியின் குரல்தேர்வில் நாங்கள் ஒலிப்பதிவு அறையில் வாசித்தோம். நடுவர்கள் வேறோர் அறையில் இருந்து ஒலியை மட்டும் கேட்டார்கள். வாசிப்பவர் ஆணா பெண்ணா என்று அவர்களுக்குத் தெரியாது. அங்கே எனக்கு முதலில் பி தரமும், பின்னர் அதைவிட உயர்ந்த பி-ஹை தரமும் கிடைத்தன. காதை மட்டும் நம்பியவர்கள் ஏற்றுக்கொண்ட ஒரு கையை, ஒரு முறையும் கேட்காமல் தங்கள் குழு மறுத்திருக்கிறது.

சபைகள் எங்களை நடத்தும் முறைக்கு என் வீட்டிலேயே ஒரு சான்று இருக்கிறது. ஆண்கள் பெரும்பாலும் 1, 1½ கட்டைச் சுருதியிலும், பெண்கள் 5 கட்டையை ஒட்டியும் பாடுவதால், மிருதங்கக்காரர்கள் தாழ்ந்த தக்குச் சுருதிக்கு ஒன்றும் உச்சச் சுருதிக்கு ஒன்றுமாக வாத்தியம் வைத்துக்கொள்வது வழக்கம். நானும் வைத்திருக்கிறேன். உச்சச் சுருதி மிருதங்கத்துக்கு வேலை இருக்கிறது. வார் தளர்ந்து, வலந்தலையின் கரும்பூச்சான கரணை உதிர்ந்து, அடிக்கடி மூட்டு என்னும் தோல்முகத்தை மாற்றக் கொடுக்க வேண்டியிருக்கிறது. தக்குச் சுருதி மிருதங்கமோ பெரும்பாலும் உறைக்குள்ளேயே இருக்கிறது, ஏனென்றால் என்னை அழைப்பவர்கள் ஏறக்குறைய எப்போதும் பெண் பாடகியருக்குத்தான் அழைக்கிறார்கள். ஆண் வித்வான்கள் பாடகர்களுக்கும் பாடகியருக்கும் வாசிக்கிறார்கள், வாசிக்கத்தான் வேண்டும். எங்களுக்கு மட்டும் பாதிக் களம் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. அதிலும் புகழ்பெற்ற பாடகி வந்தால், பெரிய கச்சேரி என்ற காரணம் மறுபடியும் வந்துவிடுகிறது.

பரதநாட்டிய அரங்குகளில் நிலைமை வேறு. அங்கே நட்டுவாங்கத்துக்கு அருகில் அமர்ந்து நான் மிருதங்கமும் வாசித்திருக்கிறேன், பாடகி வராத நாளில் பதம் முழுவதும் பாடியும் இருக்கிறேன். யாரும் என்னை விசித்திரமாகப் பார்த்ததில்லை. தயக்கமெல்லாம் கச்சேரி மேடைக்கு மட்டுமே உரியதாக இருக்கிறது. அந்த மேடையில் தாளவாத்தியத்துக்கே உரிய தனி ஆவர்த்தனம் முடிந்த பிறகு வந்து, பெண்ணாக இருந்தும் நன்றாக வாசித்தீர்கள் என்று சொல்லிச் சென்ற பெரியவர்கள் உண்டு. அன்போடுதான் சொன்னார்கள். ஆனாலும் அன்று நான் வாசித்த, ஐந்தைந்தாக நடந்து சுருங்கிவரும் கண்டநடைக் குறைப்பைப் பற்றி அவர்கள் ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் மகிழ்ந்திருப்பேன்.

பெண் கைக்கு வலு போதாது என்பது இன்னொரு காரணம். தங்கள் குழுவில் ஒருவர் முன்பு பொதுக்கூட்டத்திலேயே இதைச் சொன்னார். மிருதங்கத்தின் நாதம் தோள் வலுவால் பிறப்பதில்லை. மீட்டுச் சொல்லில் விரல் விழும் இடம் சற்றே பிசகினாலும் நாதம் மங்கிவிடும். சாப்பு என்னும் வலக்கை அடி சரியாக விழுந்தால் மெல்ல வாசித்தாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும். இடது கையின் கும்கி என்னும் குழைந்த நாதத்துக்கு வேண்டியது அழுத்தத்தின் அளவறிவு. மூன்று மணி நேரம் கை தளராமல் வாசிப்பதற்குச் சாதகம் வேண்டும், அது யார் செய்தாலும் கைவரும். மேலும், இன்று எந்த அரங்கிலும் ஒவ்வொரு வாத்தியத்துக்கு முன்னும் ஒலிவாங்கி இருக்கிறது. அப்படியிருக்க உரத்த ஓசையைத் தகுதியாகக் கொள்ள என்ன தேவை இருக்கிறது?

பெண் மிருதங்கம் என்பதை அண்மையில் முளைத்த புதுமை போலக் குழுவினர் பேசுவதால் சிலவற்றை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. கஞ்சிரா என்னும் சிறு தோல்வாத்தியத்தைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை. அவரிடம் மிருதங்கம் கற்று மேடையேறியவர், 1910இல் பிறந்த திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள். ஆந்திரத்தில் தண்டமூடி சுமதி ராமமோகன ராவ் வாழ்நாள் முழுவதும் மிருதங்கம் வாசித்து, 2021இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பெற்றார். எம்.எஸ். சுப்புலட்சுமியும் சிறு வயதில் மிருதங்கம் பயின்றவரே; அவர் அண்ணன் சக்திவேல் மிருதங்கம் வாசித்தவர். பாடகியாக எம்.எஸ். உலகமெல்லாம் அறியப்பட்டார். அந்தக் கைகளுக்கும் ஒரு மேடை கிடைத்திருந்தால் என்ன கேட்டிருப்போம் என்று நான் எண்ணுவதுண்டு.

நம் ஊரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மயிலாடுதுறையில் பிறந்து, சென்னையில் கட வித்வான் விக்கு விநாயக்ராமிடமும் அவர் தந்தை ஹரிஹர சர்மாவிடமும் கடம் கற்ற சுகன்யா ராம்கோபால் வாழ்வது பெங்களூரில். பெண்ணுக்குக் கடம் கடினம் என்ற தயக்கம் தொடக்கத்தில் இருந்ததையும், ஹரிஹர சர்மா பொறுப்பேற்றுக் கற்பித்ததையும், பெண்ணோடு மேடையில் அமர மாட்டோம் என்ற மிருதங்க வித்வான்களால் தாம் கச்சேரிகளை இழந்ததையும் அவர் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். 1995இல் பெண்களை மட்டும் கொண்டு ஸ்த்ரீ தால் தரங் என்ற தாளவாத்தியக் குழுவை அவர் இங்கே தொடங்கினார். 2014ஆம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாதெமி விருதும் அவரைத் தேடி வந்தது. அவர் வாழும் ஊரில், இத்தனைக்கும் பிறகு, பெரிய கச்சேரிக்குப் பெண் வேண்டாம் என்று ஒரு சபை முடிவெடுப்பதை என்னால் ஏற்க இயலவில்லை.

பெரியவர்களின் வழக்கத்தைக் காட்டி இதை நியாயப்படுத்துவோரும் உண்டு. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் நெடுங்காலம் பெண்களின் கச்சேரிக்கு வாசிக்காமல் இருந்தது எல்லோரும் அறிந்ததே. அவரைக் கடவுளாக எண்ணும் வாத்தியாரிடம்தான் நான் கற்றேன், அந்த வணக்கம் எனக்கும் உண்டு. அதே மணி ஐயர் பின்னாளில் பாடகி டி.கே. பட்டம்மாளுக்கு வாசித்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த ஒலிப்பதிவுகளை இன்றும் கேட்கிறோம்; அவருடைய பெருமை அதனால் ஒரு துளியும் குறையவில்லை. அவருடைய காலத்திலேயே மற்றொரு மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளை பாடகியருக்கு விருப்பத்தோடு வாசித்தார். ஆக, வழக்கம் என்று நாம் சொல்வது அன்றும் ஒரே குரலாக இருந்ததில்லை, இருந்ததும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது 1966இல் மணி ஐயருக்கும், பெண்களில் முதலாவதாக 1968இல் எம்.எஸ்ஸுக்கும் வழங்கப்பட்டது. அதன் பிறகு பாடகியர் பலர் அதைப் பெற்றுவிட்டார்கள். தாளவாத்தியம் வாசிக்கும் பெண் ஒருவர்கூட இன்றுவரை பெறவில்லை. பாட்டில் திறந்த கதவு தாளத்தில் திறக்காமலே இருக்கிறது. கீழே உள்ள சபைகள் மாலைக் கச்சேரிகளைத் தராதவரை மேலே எந்தப் பெயரும் எட்டப் போவதில்லை.

மகளிர் தினக் கச்சேரி பற்றியும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். தியாகராஜ ஆராதனையன்று நம் அரங்கில் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் பாடுகிறோம். திருவையாற்றில் தியாகராஜரின் சமாதியில் கோயில் எழுப்பி 1925இல் குடமுழுக்குச் செய்தவர், நம் ஊர்ப் பெயரையே தம் பெயராகக் கொண்ட பெங்களூர் நாகரத்தினம்மாள். தாம் எழுப்பிய கோயிலில் ஆராதனை மேடையில் பெண்கள் பாட இடமில்லை என்றபோது அவர் பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தினார். பெண்கள் கட்சி என்று அதற்குப் பெயர் இருந்தது. பின்னர் ஆண்களின் கட்சிகளும் பெண்கள் கட்சியும் இணைந்து பெண்களும் ஆண்களோடு பாடும் நிலை வந்தது. அவர் தனி மேடையிலிருந்து பொது மேடைக்குப் போனார். தாங்கள் எங்களைப் பொது மேடையிலிருந்து எடுத்துத் தனி மேடையில் வைக்கிறீர்கள். அந்த ஒரு நாளில் வயலின், மிருதங்கம், கடம், மோர்சிங் எல்லாம் பெண்கள் வாசிப்பதைக் கேட்டு மகிழும் அதே ரசிகர்கள், இராமநவமிக்கு வரும்போது மட்டும் வேறு ஆட்களாக மாறிவிடுகிறார்களா?

இதை நான் எனக்காக மட்டும் எழுதவில்லை. அல்சூரிலிருந்தும் பாணஸ்வாடியிலிருந்தும் என்னிடம் மிருதங்கம் கற்க வரும் பிள்ளைகளில் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியின் தாய் சென்ற மாதம் என்னிடம் கேட்டார்: இவள் இவ்வளவு சாதகம் செய்கிறாளே, நாளைக்கு யாரேனும் கூப்பிடுவார்களா, அல்லது பாட்டிலேயே முழு நேரமும் விட்டுவிடட்டுமா. கூப்பிடுவார்கள் என்று உறுதியாகச் சொன்னேன். இராமநவமி அழைப்பிதழில் என் பெயர் இருக்கும் என்ற நம்பிக்கையில் சொன்ன பதில் அது. பெண் பிள்ளைகள் பத்தாம் வகுப்போடு மிருதங்கத்தை நிறுத்துவதற்குப் படிப்பைக் காரணமாகச் சொல்கிறோம். கற்றுத் தேர்ந்தாலும் அமர இடமில்லை என்று வீட்டார் அறிந்திருப்பதுதான் பல வீடுகளில் உண்மைக் காரணம். அந்தப் பெண்ணின் கையில் இப்போது விழும் சாப்பு, அவள் வயதில் எனக்கு விழவில்லை. அவளை இழக்க எனக்கு மனமில்லை.

தங்களிடம் நான் கேட்பவை இவை. அழைப்பிதழ் இன்னும் அச்சாகவில்லை என்று அறிகிறேன். ஆகவே என்னை நீக்கிய முடிவைக் குழு மறுபரிசீலனை செய்து, நான் ஒப்புக்கொண்ட அதே மாலையில், அதே பாடகருக்கு வாசிக்கும் வாய்ப்பை எனக்குத் திருப்பித் தர வேண்டும். அதற்கு முன் என் வாசிப்பைக் கேட்க விரும்பினால், குழுவினர் முன் எந்த நாளிலும், அவர்கள் தேர்ந்தெடுக்கும் எந்தப் பாடகருக்கும் வாசித்துக் காட்டுகிறேன். முடிவை மாற்ற இயலாது என்று குழு கருதினால், அதற்கான காரணத்தை எழுத்தில், குழுவின் கையொப்பத்தோடு தர வேண்டும்.

இனி வரும் விழாக்களுக்கு, பக்கவாத்தியக் கலைஞர்களை எந்த அடிப்படையில் தேர்கிறீர்கள் என்பதை உறுப்பினர்கள் அறிய வெளியிட வேண்டும். அந்த அடிப்படையில் ஆண், பெண் என்ற வேறுபாடு இருக்கக் கூடாது. பெண்ணோடு வாசிக்க மாட்டேன் என்று எந்த வித்வானாவது சொன்னால், அவருக்காக அந்தப் பெண்ணை மாற்றும் பழக்கத்தை நிறுத்த வேண்டும். உறுதி செய்த கச்சேரியிலிருந்து ஒருவரைச் சபை விலக்கினால், ஆணாயினும் பெண்ணாயினும், பேசிய சன்மானத்தைக் கொடுத்துவிட வேண்டும். ஒவ்வொரு விழாவிலும் மாலைக் கச்சேரிகளில், பாடகர்களுக்கும் பாடகியருக்கும், பெண் தாளவாத்தியக் கலைஞர்கள் இடம்பெற வேண்டும். மகளிர் தினக் கச்சேரியை இதற்கு ஈடாகக் கணக்குக் காட்டக் கூடாது. மேடைக்குப் பின்னால் இப்போதுள்ள ஒற்றை அறையை எல்லோரும் பயன்படுத்துகிறோம். சுருதி சேர்க்கவும் உடை மாற்றவும் பெண்களுக்கென ஓர் அறையை ஒதுக்க வேண்டும்.

மகளிர் தினத்தன்று பாடும்படி கேட்டதற்கு என் பதிலையும் இங்கேயே தருகிறேன். இராமநவமிப் பந்தலில் மிருதங்கம் வாசிக்க என்னை அனுமதிக்காத மேடையில் நான் பாட மாட்டேன். அனுமதித்த பிறகு, எந்த நாளில் அழைத்தாலும் வந்து பாடுவேன்.

அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன், குழுவின் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சபையின் ஆயுள் உறுப்பினர்,
மிருதங்கக் கலைஞர், பாடகி,
அல்சூர், பெங்களூரு